மணல் வேண்டாம் என்ற லாட்ஜக்கா

தீவில் வாடகைக்குக் கிடைப்பது மொத்தம் ஏழு அறைகள். ஏழும் ஒரே வீட்டில் இருந்தன. ஏழின் சாவிகளும் ஒரே இடுப்பில் தொங்கின. அந்த இடுப்புக்கு உரியவளை ஊர் லாட்ஜக்கா என்று கூப்பிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் லாட்ஜக்காதான். கட்டிய கணவரே கோபம் வரும்போது, "லாட்ஜக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி அக்கரையிலிருந்து படகேறி வந்தவள். முக்கால் மணி நேரப் பயணத்தில் மூன்று முறை வாந்தி எடுத்தாள். இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, திரும்பிப் போகும் படகு எப்போது என்பது. "காத்து விட்டா நாளைக்கு" என்றார் புது மாப்பிள்ளை. காற்று ஒன்பது நாள் விடவில்லை. பத்தாம் நாள் படகு வந்தபோது அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமனாரின் பழைய கருவாட்டுக் கிடங்கில் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தாள்.

தீவு மடக்கிய முழங்கை மாதிரி இருக்கும். வடக்குப் பக்கம் முழுக்கச் செங்குத்துப் பாறை. அங்கே கடற்பறவைகளைத் தவிர யாருக்கும் வேலை இல்லை. நடுவில் மேடு, மேட்டில் வீடுகள், இரண்டு நல்ல தண்ணீர்க் கிணறுகள். தெற்கே, முழங்கை மடிகிற இடத்தில், பிறை போல ஒரு வளைகுடா. படகுத்துறை அங்கேதான். அந்தக் கரை முழுவதும் கல். தேங்காய் அளவிலிருந்து மாங்காய் அளவு வரை, கடல் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கருங்கற்கள். வெறுங்காலில் நடந்தால் வெளியூர்க்காரன் பத்தடியில் உட்கார்ந்துவிடுவான். ஊர்க்காரர்கள் ஓடுவார்கள்.

அந்தக் கற்கள்தான் ஊருக்குச் சோறு போட்டன. பெண்கள் கடலில் இடுப்பளவு இறங்கிப் பாசி அறுத்து வந்து கற்களின் மேல் பரப்புவார்கள். மேலே வெயில், கீழே கல்லின் சூடு, கற்களின் இடுக்கில் காற்று. இரண்டே நாளில் பாசி மொறமொறவென்று காய்ந்துவிடும். அக்கரை வியாபாரி ஒரு துண்டைப் பிய்த்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். நறநறவென்று ஒரு மணல் கடிபட்டாலும் அந்த மூட்டை திரும்பிவிடும். பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் சேர்கிற சரக்கு அது. இந்தத் தீவின் மூட்டை ஒருபோதும் திரும்பியதில்லை.

லாட்ஜக்கா பாசி அறுக்கவில்லை. கருவாட்டுக் கிடங்கைத் தடுத்து ஏழு அறைகளாக்கினாள். அக்கரையில் துணிக்கடைக்காரரின் மகளாக இருந்தவளுக்கு, வருகிறவனை நிற்கவைத்துப் பேசும் கலை தெரியும். கலங்கரை விளக்கம் பழுதுபார்க்க வந்த பொறியாளர்கள்தான் முதல் விருந்தாளிகள். கருவாட்டு வாடை போக இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும், யாராவது மூக்கைச் சுளித்தால், கடல் வாடை என்று கூசாமல் சொல்லிவந்தாள்.

பிறகு பறவை எண்ணுகிறவர்கள் வந்தார்கள். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னவர்கள் வந்தார்கள். மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒருவர், சண்டை தீர்ந்ததும் அடுத்த வருஷம் மனைவியோடு வந்தார். ஆனால் வருஷத்தில் ஐந்து மாதம்தான் ஆள் வரும். மற்ற ஏழு மாதமும் பெட்ஷீட்டுகள் மடித்தபடியே கிடக்கும். அக்கரையில் வேலை பார்க்கும் மகள் ஒவ்வொரு முறை போன் பண்ணும்போதும், வித்துட்டு எங்கூட வந்துடும்மா என்பாள். லாட்ஜக்கா உடனே பேச்சை மாற்றி, அங்கே மழை உண்டா என்று கேட்பாள்.

இந்த நிலையில்தான் சுற்றுலாத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மக்கள் அதிகம் அறியாத பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டியல் போடப்போகிறார்களாம். மலைமேல் ஒரு கிராமம், ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டு, இரண்டு உப்பளத்து ஊர்கள் என்று பதினொன்றைக் குறித்துவிட்டார்கள். பன்னிரண்டாவதாக இந்தத் தீவு. தங்கும் வசதி உள்ளவர்கள் படிவத்தை நிரப்பி, இடத்தின் அழகைக் காட்டும் ஒரு புகைப்படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

"யாருக்குத் தெரியல? எங்களுக்கெல்லாம் நல்லாவே தெரியுமே" என்றாள் லாட்ஜக்கா. சொல்லிவிட்டு, அன்றைக்கே படிவத்தை நிரப்பினாள். கூடத்துச் சுவரில் இருந்ததிலேயே நல்ல படத்தைக் கழற்றி, துடைத்து, உறையில் போட்டாள். அவளும் கணவரும் எட்டு வயது மகளும் வெள்ளை மணலில் நிற்கும் படம்.

மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். வருஷத்தில் ஒரு முறை, காற்று அடங்குகிற பருவத்தில், கடல் வழக்கத்தைவிட வெகுதூரம் உள்வாங்கும். அப்போது கற்கள் முடிகிற இடத்துக்கு அப்பால், கடலுக்கு அடியில் கிடக்கும் மணல் ஒரு பட்டையாக வெளியே தெரியும். நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். அக்கரைப் போட்டோக்காரர் தன் பெரிய பெட்டியோடு படகேறத் துணிந்ததும் வருஷத்தில் அந்த நான்கு நாள்தான், கடல் தட்டையாக இருக்கும் என்பதால். அதனால் தீவில் யார் படம் எடுத்துக்கொண்டாலும் அது அந்த மணலில்தான். கல்யாணமான ஜோடி, பிறந்த குழந்தை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசை, எல்லோரும் நல்ல துணி உடுத்தி மணலில் நின்றார்கள். பிறகு கையில் போன் வந்தபோதும் பழக்கம் மாறவில்லை. தினம் மிதிக்கிற கல்லை யாராவது படம் எடுப்பார்களா?

அந்தப் படத்தை அனுப்பும்போது லாட்ஜக்காவுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. அவளைப் பொறுத்தவரை அது குடும்பப் படம். பின்னால் இருப்பது என்ன என்று அவள் பார்க்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்துத் திட்ட அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும். மரியாதையான பேச்சு, பளபளப்பான ஷூ. படகுத்துறையிலிருந்து மேட்டுக்கு வருவதற்குள் கற்களில் இரண்டு முறை சறுக்கினார். கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்து அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்தார். குடும்பத்தை ஓரமாக வெட்டியிருந்தார்கள். மணல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

அவர் சொன்னதை லாட்ஜக்கா பாதி வரை சிரித்துக்கொண்டே கேட்டாள். இங்கே அருமையான மணல் கடற்கரை இருந்திருக்கிறது, கடல் அரிப்பால் அது அழிந்துபோய்விட்டது, அரசு அதை மீட்டெடுக்க முடிவு செய்துவிட்டது, பெரிய சரக்குப் படகுகளில் பார்ஜ் பார்ஜாக மணல் கொண்டுவந்து வளைகுடா முழுவதும் கொட்டப்போகிறோம் என்றார் அவர். அந்த இடத்தில் அவள் சிரிப்பு நின்றது.

"சார், அது வருஷத்துக்கு நாலு நாள் தெரியற மணல்" என்றாள்.

அவர் பொறுமையாகப் புன்னகைத்தார். வயதானவர்களுக்கு ஞாபகம் குழம்பும் என்பதை அறிந்தவரின் புன்னகை. இரண்டு நாள் தங்கி வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களைக் கேட்டு வாங்கினார். ஆல்பம் போடுவார்கள் என்று நினைத்து ஊர் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தது. நாற்பத்தொரு படம். நாற்பத்தொன்றிலும் மணல். "அம்மா, ஒருத்தர் ரெண்டு பேர் படத்துல இருந்தா நீங்க சொல்றதை நம்பலாம்" என்றார்.

போகும்போது முக்கியமான விஷயத்தைச் சொன்னார். தீவில் சுற்றுலாத் தொழில் செய்கிறவள் அவள் ஒருத்திதான். விதிப்படி அவளுடைய சம்மதக் கையெழுத்து இல்லாமல் வேலை தொடங்காது. கையெழுத்துப் போட்டால் பட்டியலில் அவள் லாட்ஜ்தான் முதலாவது. அறைகளைப் புதுப்பிக்க உதவி உண்டு. படகும் தினம் ஒன்றுக்கு இரண்டு தடவை வரும். அடுத்த மாதம் ஊர்க்கூட்டம் போட்டு எல்லோர் முன்னாலும் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் படிவத்தை லாட்ஜக்கா எத்தனை முறை எடுத்துப் படித்தாள் என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். ஏழு அறையும் பன்னிரண்டு மாதமும் நிறைவதை நினைத்துப் பார்த்தாள். நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

விஷயம் கரைக்குப் போன மறுநாளே நாத்தனார் வந்துவிட்டாள். கணவரின் தங்கை, பாசி அறுக்கும் முப்பது பெண்களுக்கும் அவள்தான் தலைவி. லாட்ஜக்காவுக்கும் அவளுக்கும் முப்பது வருஷமாக ஒத்துவராது. லாட்ஜ் விருந்தாளிகள் காயும் பாசியை மிதித்துவிடுவார்கள் என்பதில் தொடங்கிய சண்டை, இப்போது எதில் வேண்டுமானாலும் தொடங்கும். ஈரத் துணியோடு வாசலிலேயே நின்றாள்.

"என்ன அண்ணி, கடலையே விலை பேசிட்டீங்களாமே. வாழ்த்திட்டுப் போலாம்னு வந்தேன்."

"உள்ள வந்து பேசு. ஊருக்குக் கேட்கணும்னு கத்தாத."

"ஊருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல. மணல் கொட்டினா பாசியை எங்க காயவைக்கிறது? உங்க கூடத்துலயா?"

மேடை கட்டிக் காயவைக்கலாம் என்று அதிகாரி சொன்னதை லாட்ஜக்கா சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கே சிரிப்பு வந்தது. இந்தக் காற்றில் மேடையில் போட்ட பாசி அக்கரைக்கு டிக்கெட் இல்லாமல் போய்ச் சேரும்.

நாத்தனார் சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா ஆள் தங்கவைக்கிறீங்க. ஒருத்தனாவது மணல்ல நடந்தேன், சுகமா இருந்துச்சுன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்கானா? எல்லாவனும் கால் வலிக்குதுன்னுதானே புலம்பிட்டுப் போனான்?"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். லாட்ஜக்கா அதே இடத்தில் நின்றாள். புலம்பினார்கள். ஆமாம், புலம்பினார்கள். அதுவும் எழுத்தில்.

உரிமம் கொடுக்கும்போது அரசு போட்ட நிபந்தனைகளில் ஒன்று, விருந்தாளிகள் குறை எழுத ஒரு நோட்டு வைக்க வேண்டும் என்பது. லாட்ஜக்கா ஒழுங்காக வைத்தாள். யாரும் படிக்கக் கூடாது என்பதற்காக, நிறைந்த நோட்டையெல்லாம் பரணில், கிழிந்த மெத்தைகளுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். அன்று மத்தியானம் கணவரை ஏணி பிடிக்கச் சொல்லி ஏறினாள். அவர் படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர். நாற்பது வருஷ இன்ஜின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. என்ன தேடுகிறாய் என்று மூன்று முறை கேட்டார். "என் மானத்தை" என்று அவள் கத்தினாள். "அது மேலயா இருக்கு?" என்று அவர் அக்கறையாகக் கேட்டார்.

பதினோரு நோட்டு இருந்தது. தூசி தட்டி, தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்தாள். சில இடங்களில் காது சுட்டது.

கூட்டம் பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் நடந்தது. தாழ்வான பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் மணலுக்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். படகு இரண்டு தடவை வந்தால் நல்லது என்று நினைத்த தாய்மார்களும் இருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருப்பது யாருக்குச் சுகம்? பாசிப் பெண்கள் பின்னால் சுவரோரமாக நின்றார்கள். அதிகாரி நாற்பத்தொரு படத்தையும் கரும்பலகையில் ஒட்டியிருந்தார். தங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்து இரண்டு மூன்று பேர் வெட்கப்பட்டார்கள்.

அவர் பேசி முடித்ததும் லாட்ஜக்கா எழுந்தாள். பதினோரு நோட்டையும் ஒரு தலையணை உறையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். பழைய நோட்டிலிருந்து தொடங்கி, தேதியோடு, குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசித்தாள். கரை முழுவதும் கல், செருப்பு அறுந்துவிட்டது. கடற்கரை என்று நம்பி வந்தோம், மணலைக் காணோம். கால் சுளுக்கிவிட்டது, மணல் இருக்கும் ஊருக்குப் போயிருக்கலாம். என் மாமியாரை இங்கே நடக்கவைத்ததற்காக நிர்வாகத்துக்கு நன்றி. குழந்தைக்கு மண்வெட்டி வாங்கி வந்தோம், எதை வெட்டுவது? அறையில் கருவாட்டு வாடை.

அந்தக் கடைசியை வாசித்திருக்க வேண்டியதில்லை. வேகத்தில் வந்துவிட்டது. அறை குலுங்கச் சிரித்தது. நாத்தனார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். லாட்ஜக்கா காத்திருந்து, அடுத்த நோட்டை எடுத்தாள்.

முப்பது வருஷத்துக் குறை. நூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். அதிகாரி நோட்டுகளை வாங்கி நிதானமாகப் புரட்டினார். ஒவ்வொரு பத்தாவது பக்கத்திலும் அவருடைய துறையின் முத்திரை இருந்தது. வருஷா வருஷம் வந்த ஆய்வாளர்கள் படிக்காமலே குத்திவிட்டுப் போனது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மனிதர் நேர்மையானவர். "சரி, ஒத்துக்கறேன். இங்க மணல் கடற்கரை எப்பவும் இருந்ததில்லை" என்றார்.

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அதனால் திட்டம் நின்றுவிடாது, பெயர்தான் மாறும் என்றார். மீட்டெடுப்பது என்று இருந்ததை உருவாக்குவது என்று திருத்திக்கொள்ளலாம். ஒதுக்கிய மணல் ஒதுக்கியதுதான். வேண்டியது அதே கையெழுத்து. படிவத்தில் ஒரு சொல்லை அடித்து, மேலே இன்னொன்றை எழுதி, பேனாவோடு சேர்த்து அவளிடம் நீட்டினார்.

லாட்ஜக்கா பேனாவை வாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நினைத்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இருந்துச்சு, அதனால கொண்டுவர்றோம்னீங்க. இல்லவே இல்லைன்னு காட்டினேன். இல்ல, அதனால கொண்டுவர்றோம்ங்கறீங்க. அப்ப நான் என்ன சொன்னாலும் மணல் வரும். அப்படித்தானே சார்?"

"அம்மா, இது உங்க நல்லதுக்குத்தான். மணல் இல்லாத தீவுக்கு யார் வருவாங்க?"

"இத்தனை பேர் வந்து திட்டி எழுதிட்டுப் போயிருக்காங்களே. அதுல பாதிப் பேர் மறுவருஷமும் வந்து மறுபடி திட்டியிருக்காங்க. கையெழுத்தைப் பாருங்க, தெரியும்."

இந்த இடத்தில் அவள் கணவர் எழுந்தார். காது கேட்காததால் பேச்சு எதுவரை வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. காலையிலிருந்து மனப்பாடம் செய்துவைத்திருந்ததைச் சொன்னார். படகு இன்ஜின் கடல் தண்ணீரைக் குடித்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கரையில் மணல் கொட்டினால் அது துறைக்கு நகர்ந்து வரும். இன்ஜின் மணலைக் குடித்தால் பம்ப் போய்விடும். "தினம் ரெண்டு படகு விடறேங்கறீங்க. இருக்கற ஒண்ணும் நடுக்கடல்ல நிக்கும்" என்று இன்ஜின் ஓடும்போது பேசுகிற குரலில் முழங்கிவிட்டு உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். காய்ச்சல் பிள்ளைகளின் தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதிகாரி கடைசியாக ஒன்று சொன்னார். குரலில் மிரட்டல் இல்லை. கையெழுத்து இல்லையென்றால் தீவு பட்டியலில் இருக்காது. லாட்ஜும் அதில் இருக்காது. துறை கொடுக்கிற எந்த உதவியும் வராது. யோசித்துச் சொல்லுங்கள்.

அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று பின்னால் பெருமையடித்துக்கொண்டது பொய். மடித்துவைத்த பெட்ஷீட்டுகளை யோசித்தாள், மகளை யோசித்தாள். அப்புறம் படிவத்தை எடுத்து, சம்மதம் என்று அச்சடித்த இடத்துக்கு நேராக, தன் சொந்தப் பேனாவால் 'வேண்டாம்' என்று எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"கையெழுத்து கேட்டீங்க. போட்டுட்டேன்."

வெளியே வந்தபோது நாத்தனார் பக்கத்தில் வந்து நடந்தாள். பாராட்டவில்லை. "கருவாட்டு வாடைன்னு ஒருத்தன் எழுதியிருக்கானே, அவனுக்கு நல்ல மூக்கு அண்ணி" என்றாள். அதற்கு மேல் அவர்கள் அன்றைக்குப் பேசவில்லை. ஆனால் மறுநாள் லாட்ஜ் வாசலில் ஒரு கூடை நண்டு இருந்தது. யார் வைத்தது என்று லாட்ஜக்கா விசாரிக்கவில்லை. விசாரித்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

பட்டியல் பதினோரு இடங்களோடு வெளியாயிற்று. படகு ஒன்றாகவே இருந்தது. டீக்கடைக்காரர் இரண்டு மாதம் லாட்ஜக்காவுக்குக் கொடுத்த டீயில் சர்க்கரையைக் குறைத்தார். அந்தப் பருவத்தில் விருந்தாளிகளும் குறைந்தார்கள். மகள் போனில், இப்பவாவது வித்துடும்மா என்றாள். "இப்ப வித்தா பயந்து வித்த மாதிரி ஆயிடும்" என்றாள் லாட்ஜக்கா, மழையைப் பற்றிக் கேட்காமல்.

காற்றுக் காலம் தொடங்க ஒரு மாதம் இருந்தபோது அடுத்த கடிதம் வந்தது. உரிமம் பெற்ற விடுதிகளில் அறைக்கு அறை ஜன்னல் இத்தனை அடிக்கு இத்தனை அடி இருக்க வேண்டும். அந்த லாட்ஜில் ஏழு ஜன்னல்களும் விதியைவிடச் சிறியவை. முப்பது நாளில் சரிசெய்யாவிட்டால் உரிமம் ரத்து. முப்பது வருஷமாக யாரும் கேட்காத அளவு. கிடங்கு கட்டியவர்கள் ஜன்னலைக் கையகலத்துக்கு வைத்ததற்குக் காரணம் இருந்தது. தெற்கிலிருந்து வரும் காற்று மரச்சட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். அது விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

திட்ட அதிகாரியின் வேலையாக இருக்குமா என்று கணவர் கேட்டார். யார் வேலையாக இருந்தால் என்ன, சுவரை உடைக்கிறது நம் வேலை என்றாள் அவள்.

கருங்கல் சுவர், இரண்டு முழ அகலம். கணவர் சம்மட்டி பிடித்தார். மூன்றாம் நாள் அவர் தோள் பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் காலை நாத்தனார் எட்டுப் பெண்களோடு வந்தாள். கடல் கலங்கி இருக்கு, பாசிக்கு இறங்க முடியாது, சும்மாதானே இருக்கோம் என்றாள். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. லாட்ஜக்கா அதைப் பார்த்தாள். சம்மட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

"முப்பது வருஷமா உங்க வீட்டு மேல கல்லெறியணும்னு ஆசை அண்ணி. இப்பத்தான் கூப்பிட்டு உடைக்கச் சொல்றீங்க."

"ஆசை தீர உடை. ஆனா இந்தக் கோட்டைத் தாண்டி ஒரு விரக்கடை உடைச்சே, நீதான் பூசணும்."

விதியில் எழுதியிருந்த அளவுக்குக் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தாள். அதற்கு மேல் ஒரு இழைகூட விடவில்லை. இருபத்தெட்டாம் நாள் ஏழு ஜன்னலுக்கும் சட்டம் பொருத்தியாயிற்று. ஜன்னலை அடைக்கும் கதவுப் பலகைதான் மூன்று அறைக்குப் போதவில்லை. ஏழாம் அறைக்கு அறுத்த பலகையை மாட்டாமல், ஆய்வுக்கு வருகிறவர் முதலில் அளவு பார்க்கட்டும் என்று கூடத்தில் சாய்த்துவைத்தாள்.

முப்பதாம் நாள் ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு, கையில் அளவு நாடா. இவர் திட்ட அதிகாரியைப் பார்த்ததே இல்லையாம். கொடுத்த காகிதத்தோடு வந்திருக்கிறார். ஒவ்வொரு ஜன்னலையும் இரண்டு முறை அளந்தார். ஆறாவது ஜன்னலில் நாடா படபடவென்று அடித்துக்கொண்டது. காற்றுக் காலம் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. ஏழாவதை அளப்பதற்குள் படகுத்துறையிலிருந்து ஆள் வந்து சொன்னான்: அவரைத் திரும்ப ஏற்றிப்போக வந்த படகு பாதி வழியில் திரும்பி அக்கரைக்கே போய்விட்டது, இனிக் காற்று விட்டால்தான்.

எத்தனை நாள் ஆகும் என்று ஆய்வாளர் கேட்டார். நான் வந்தப்போ ஒன்பது நாள் என்றாள் லாட்ஜக்கா.

அவருக்கு ஏழாம் அறையைக் கொடுத்தாள். வேண்டுமென்றே கொடுக்கவில்லை, மற்ற ஆறில் இன்னும் பூச்சு ஈரம். அளவு எல்லாம் சரியாக இருந்தால் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டதற்கு, அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவைக்கிறேன், ஒரு மாதத்தில் வந்துவிடும் என்றார். அந்த ஒரு மாதம் லாட்ஜ் பூட்டியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுத் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் அறையிலிருந்து சத்தம் வந்தது. முதலில் செம்பு உருண்டது. அப்புறம் காகிதங்கள் பறந்தன. அப்புறம் கட்டில் நகர்ந்தது. கதவைத் திறந்து வெளியே வந்த ஆய்வாளரின் தலைமுடி நட்டுக்குத்தாக நின்றது. உள்ளே மெத்தையை ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். மெத்தை மூச்சு விடுவது போல உப்பி உப்பி அடங்கியது.

"இந்த ஜன்னலை இவ்வளவு பெருசா யாரும்மா வைக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

அவர் உப்பும் மெத்தையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, கூடத்தில் சாய்த்திருந்த பலகையைப் பார்த்தார். வழவழவென்று இழைத்து, தாழ்ப்பாளோடு, ஏழாம் அறை ஜன்னலின் அளவுக்குச் சரியாக அறுத்த பலகை. அதை எடுக்கக் கை நீட்டினார்.

லாட்ஜக்கா பலகைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் பையிலிருந்து பறந்துவந்து கூடத்து மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த படிவத்தை எடுத்து, மடிப்பு நீவி, மேசையில் வைத்தாள்.

"முதல்ல கையெழுத்துப் போடுங்க சார். அப்புறம் பலகை தர்றேன்."